கம்பளத்தில் பூத்த சிலேடை: பழைய சீனக் கம்பளங்களின் பூக்களைப் படிப்பது எப்படி?

பழைய சீனக் கம்பளங்களில் அடிக்கடி வரும் ஒரு படம் உண்டு. ஒரு ஜாடி, அதில் ஒரு கொத்துப் பியோனிப் பூ. நம் கண்ணுக்கு அது வெறும் பூஜாடி. சீன மொழி பேசுபவருக்கு அது ஒரு வாக்கியம். ஜாடிக்குச் சீனத்தில் 'பிங்' என்று பெயர். அமைதியைக் குறிக்கும் சொல்லும் 'பிங்' என்றே ஒலிக்கும். பியோனிக்குச் 'செல்வப் பூ' என்று பட்டப்பெயர். இரண்டையும் சேர்த்து வாசித்தால் 'செல்வமும் அமைதியும் உண்டாகட்டும்'. ஓர் எழுத்துகூட எழுதாமல் கம்பளம் வாழ்த்துப் பாடிவிட்டது.

நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. ஒரே ஒலியில் இரண்டு பொருள் வைப்பதைச் சிலேடை என்கிறோம். காளமேகப் புலவர் அதை வைத்தே பிழைத்தவர். நம்மிடம் சிலேடை பாட்டில் இருக்கிறது. சீனர்கள் அதைப் படத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். பீங்கானில், பட்டில், மரச் செதுக்கலில், அப்புறம் கம்பளத்திலும். அதனால்தான் சீனக் கம்பளத்துப் பூவைப் பார்த்து 'அழகாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நகர்வது, பாட்டின் ராகத்தை மட்டும் கேட்டுவிட்டு வரியை விட்டுவிடுவது மாதிரி.

சரி, பூவுக்குப் போவதற்கு முன் கம்பளம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். அது தெரியாமல் பூ ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியாது.

பவானி ஜமக்காளம் பார்த்திருப்பீர்கள். பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கும் நெடுக்கும் ஓடும். மேலே மயிர் மாதிரி எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. சீனக் கம்பளத்தில் பாவும் ஊடையும் பருத்தி. பாவு நூல்களில் இரண்டிரண்டாகப் பிடித்து, கம்பளி நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, நுனியை வெட்டிவிடுவார்கள். ஒரு வரிசை முடிச்சு முடிந்ததும் ஊடை நூலை ஓட்டி, சீப்பு மாதிரி ஒன்றால் தட்டி இறுக்குவார்கள். வெட்டிய நுனிகள் லட்சக்கணக்கில் நெருங்கி நிற்கும்போது மேற்பரப்பு பட்டுப்போல் ஆகிறது. நாம் காலால் மிதிப்பது இந்த நுனிகளைத்தான்.

ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளி; ஒரு நிறம். பழைய சீனக் கம்பளங்கள் அவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டவை அல்ல. அங்குலத்துக்கு ஆறு முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டங்குலப் பூவுக்கு 12க்கு 12, அதாவது 144 புள்ளிதான் கிடைக்கும். கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் 144 கட்டத்துக்குள் ஒரு தாமரை வரைந்து பாருங்கள், நெசவாளியின் கஷ்டம் புரியும். வளைவு வளைவாக வராது, படிக்கட்டாகத்தான் வரும். அதனால் அவர்கள் பூவைப் பெரிதாக்கினார்கள், இதழ்களைக் குறைத்தார்கள், ஓரத்தில் அடர்நிறக் கோடு கொடுத்தார்கள். நல்ல பாரசீகக் கம்பளத்தில் ஒரு சதுர அங்குலத்துக்குப் பல நூறு முடிச்சு இருக்கும். இங்கே நாற்பது, ஐம்பது இருந்தாலே சரிதான். முடிச்சு எண்ணிக்கையை வைத்து மட்டும் கம்பளத்தை எடைபோடுபவர்கள் பழைய சீனக் கம்பளத்தை மட்டமாகப் பேசுவதற்கு இதுதான் காரணம். அந்தக் கணக்கு இங்கே செல்லாது என்பது என் கட்சி. நாலு தூரிகை வீச்சில் வரைந்த மூங்கிலை, கோடு குறைவு என்று யாராவது விலை குறைப்பார்களா?

சீன வியாபாரத்தில் நெருக்கத்தை 'லைன்' கணக்கில் சொல்வார்கள். ஓர் அடி நீளத்தில் எத்தனை முடிச்சு என்பது அந்த எண். 90 லைன் என்றால் அடிக்கு 90, அதாவது அங்குலத்துக்கு ஏழரை. சதுர அங்குலத்துக்குச் சுமார் 56.

எங்கே நெய்தார்கள், யாருக்காக?

பழைய கம்பளங்களில் பெரிய பெயர் நிங்ஷியா. வடமேற்குச் சீனாவில், மஞ்சள் ஆற்றின் கரையில் உள்ள வறண்ட நாடு அது. பக்கத்திலேயே மங்கோலியப் புல்வெளி. ஆட்டுக்கும் கம்பளிக்கும் குறைவில்லை. பட்டும் பீங்கானும் சீனாவின் தெற்கிலும் கிழக்கிலும் செழித்தன என்றால், கம்பளம் குளிர் நடுக்கும் வடக்கு, வடமேற்கின் கலை. 1697-ல் காங்ஷி பேரரசர் மங்கோலியத் தலைவன் கால்டனுக்கு எதிரான படையெடுப்பின்போது நிங்ஷியாவுக்கு வந்தார். அவருடன் வந்த ஜெர்பியோன் என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார், அந்த ஊர்க் கம்பளங்கள் துருக்கிக் கம்பளங்களைப் போலவே இருப்பதாகவும், கொஞ்சம் முரடாக இருப்பதாகவும் குறித்துவைத்தார். முரடு என்ற குற்றச்சாட்டு அப்போதே தொடங்கிவிட்டது!

வாங்கியவர்களில் திபெத்திய பௌத்த மடங்கள் முக்கியம். பிட்சுக்கள் வரிசையாக உட்கார்ந்து ஓதுவதற்கு நீள நீளமான விரிப்புகள் வேண்டும். ஆளுக்கொரு சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பூவட்டம் நெய்திருப்பார்கள். மடத்துத் தூண்களைச் சுற்றிக் கட்டும் கம்பளமும் உண்டு. விரித்தால் டிராகன் துண்டு துண்டாகத் தெரியும். தூணில் சுற்றினால்தான் ஓரங்கள் சேர்ந்து முழு டிராகன் வளைந்து ஏறும். வீடுகளில் 'காங்' என்று ஒரு மேடை இருந்தது. செங்கல்லில் கட்டி, அடியில் சூடு ஓடவிட்டு, மேலே உட்காரவும் படுக்கவும் செய்வார்கள். அதற்கு விரிப்பு, நாற்காலிக்கு முதுகும் இருக்கையும், குதிரைச் சேணத்துக்கு ஒன்று. ஆக, நாம் நினைப்பதுபோல் கம்பளம் என்றால் கூடத்துத் தரை மட்டும் இல்லை.

அரண்மனைக் கதை தனி. பெய்ஜிங்கின் தடைசெய்யப்பட்ட நகரத்துக்காக மிங் வம்சக் காலத்தில், 16-ம் நூற்றாண்டு வாக்கில், மண்டபம் அளவுக்குப் பெரிய கம்பளங்கள் நெய்யப்பட்டன. அவற்றில் மிஞ்சியவை கொஞ்சம். அப்படி ஒரு டிராகன் கம்பளம் 2021-ல் பாரிஸ் ஏலத்தில் 68 லட்சம் யூரோவுக்கு மேல் போனது.

இன்னும் பின்னால் போனால், ஜப்பானின் நாரா நகரத்தில் ஷோசோயின் என்ற கருவூலம் இருக்கிறது. 8-ம் நூற்றாண்டின் பூப்போட்ட கம்பளி விரிப்புகள் அங்கே இன்றும் பத்திரமாக உள்ளன. அவை முடிச்சுப் போட்டவை அல்ல. கம்பளியை நனைத்து அழுத்திச் செய்த நமுதா வகை. ஆனால் அதில் இருக்கும் பெரிய அடுக்குப் பூ, தாமரையும் பியோனியும் கலந்த ஒரு கற்பனைப் பூ, ஆயிரம் வருடம் கழித்து வந்த கம்பளங்களின் நடுவட்டத்துக்கும் பாட்டி முறை.

இனி பூக்கள்

முதலில் பியோனி. தமிழில் இதற்குப் பெயர் இல்லை, நம் வெக்கையில் வளராது. உள்ளங்கையை விடப் பெரிதாக, அடுக்கடுக்காக விரியும் பூ. சீனர்கள் இதை 'மூதான்' என்றும், பூக்களின் அரசன் என்றும் சொல்வார்கள். தாங் வம்சக் காலத்தில் பணக்கார வீடுகள் ஒரு செடிக்காகக் காசை வாரி இறைத்தன. இதைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. பேரரசி வூ ஸெடியான் ஒரு குளிர்காலத்தில், நாளைக் காலைக்குள் தோட்டத்துப் பூவெல்லாம் பூக்க வேண்டும் என்று கட்டளை போட்டாராம். பயந்துபோய் எல்லாச் செடியும் பூத்தது. பியோனி மட்டும் முடியாது என்றது. கோபத்தில் அதைத் தலைநகரை விட்டு லுவோயாங்குக்கு நாடு கடத்தினார்; அங்கே போய் அமோகமாகப் பூத்தது. கதை கதைதான். ஆனால் லுவோயாங்கில் இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் பியோனித் திருவிழா நடக்கிறது. அரசிக்கு அடங்காத அதே பூவைப் பின்னால் வந்தவர்கள் காலடியில் நெய்து விரித்துக்கொண்டார்கள் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

கம்பளத்தில் பியோனியை எப்படி அடையாளம் காண்பது? உருண்டையான பூ, இதழ் ஓரம் பிறைபிறையாக வெட்டுப்பட்டிருக்கும், இலை மூன்றாகப் பிளந்திருக்கும். இலையைப் பார்ப்பதுதான் சுலபம்.

அடுத்தது தாமரை, நமக்கு அறிமுகமே வேண்டாம். 'சேற்றில் முளைத்த செந்தாமரை' என்று நாம் சொல்வதை, 11-ம் நூற்றாண்டில் ஜோ துன்யி என்ற சீனத் தத்துவஞானி கிட்டத்தட்ட அப்படியே சொன்னார்: சேற்றிலிருந்து எழுந்தும் அழுக்குப் படாத பூ, பூக்களில் இதுதான் பண்பாளன். பியோனி பணக்காரனாம், சாமந்தி துறவியாம். எல்லோரும் பியோனி பின்னாலேயே போகிறார்களே என்று அவர் அலுத்துக்கொண்டார். கம்பளங்களில் எத்தனை பியோனி என்று எண்ணினால் மனிதர் சொன்னது சரி என்றே படும்.

சிலேடையில் தாமரையை மிஞ்ச ஆளில்லை. அதற்கு 'லியன்' என்று ஒரு பெயர். 'தொடர்ந்து' என்பதற்கும் 'லியன்'. மீனுக்கு 'யூ', மிச்சத்துக்கும் 'யூ'. தாமரையும் மீனும் சேர்ந்திருந்தால் 'ஆண்டுக்கு ஆண்டு கையில் மிச்சம் இருக்கட்டும்'. தாமரைக் காயில் விதை தெரியும்படி நெய்தால், விதைக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல் என்பதால், 'பிள்ளைகள் தொடர்ந்து பிறக்கட்டும்'. தாமரைக்கு இன்னொரு பெயர் 'ஹ'. இணக்கம் என்பதற்கும் அதே ஒலி, அதனால் கல்யாணத்துக்கும் ஆகும். எனக்கு மிகவும் பிடித்தது ஒற்றைத் தண்டில் நிற்கும் தாமரை. 'சிங் லியன்' என்றால் பசுந்தாமரை. அதே ஒலியில் 'லஞ்சம் வாங்காத நேர்மை' என்றும் பொருள். அதிகாரிக்குப் பரிசு கொடுக்க இதைவிடக் குறும்பான படம் கிடைக்குமா?

கம்பளத் தாமரையின் இதழ் நுனி கூராக இருக்கும், நடுவில் விதைக்காய் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். கொடி மாதிரி சுருண்டு ஓடும் தண்டில், சுருள் சுருளான இலைகளோடு தாமரை வரும். தாமரைக்கு ஏது கொடி, அப்படி ஏது இலை? குளத்துத் தாமரையைப் பிடுங்கி, மேற்கிலிருந்து மத்திய ஆசியா வழியாக வந்த கொடி வேலைப்பாட்டில் ஒட்டவைத்ததன் விளைவு அது. கரைகளில் பெரும்பாலும் இந்தக் கொடித் தாமரைதான் ஓடும்.

சாமந்தி இலையுதிர் காலத்துப் பூ. மெல்லிய இதழ்கள் சக்கரத்து ஆரம் மாதிரி சுற்றி நிற்கும், அதனால் 144 புள்ளிக்குள்ளும் சுலபமாக வந்துவிடும். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் இதற்கு உரியது. ஒன்பதுக்கு 'ஜியு', 'நெடுநாள்' என்பதற்கும் 'ஜியு'. சாமந்தி 'ஜூ', கிட்டத்தட்ட அதே ஒலி. ஆகவே நீண்ட ஆயுள். பிளம் பூவுக்கு ஐந்து வட்ட இதழ், இலையில்லாத குச்சியில் பூக்கும். பனி விலகும் முன்பே பூப்பதால் மன உறுதிக்கு அடையாளம். ஐந்து இதழும் ஐந்து பேறுகள். வசந்தத்துக்குப் பியோனி, கோடைக்குத் தாமரை, இலையுதிர் காலத்துக்குச் சாமந்தி, குளிருக்குப் பிளம் என்று நான்கையும் நான்கு மூலையில் வைத்தால், ஓர் ஆண்டே முழுதாக அந்த வீட்டில் விரிந்து கிடக்கும்.

பூவோடு கூட வருபவர்களையும் சொல்லிவிட வேண்டும். மாதுளை, விதை நிறைய, பிள்ளை நிறைய. பீச் பழம் ஆயுளுக்கு. விரல் விரலாகப் பிரிந்த ஒரு நாரத்தை வகை உண்டு, 'புத்தர் கை' என்று பெயர்; 'ஃபோஷோ' என்னும் அதன் ஒலி, பேறும் ஆயுளும் என்று பொருள்படும் 'ஃபூஷோ'வுக்கு நெருக்கம். இந்த மூன்றும் சேர்ந்தே வரும். வண்ணத்துப்பூச்சி 'தியே', எண்பதை எட்டிய முதுமைக்கும் 'தியே'. வௌவாலைக் கண்டால் நாம் முகம் சுளிப்போம். சீனத்தில் அது 'ஃபூ', பேறு என்பதும் 'ஃபூ', ஆகவே பூக்களுக்கு நடுவே சிறகு விரித்து உல்லாசமாகப் பறக்கும்.

உடலும் கரையும்

சேலையைப் பார்ப்பதுபோல் பாருங்கள், உடனே பிடிபடும். உடல், கரை, உடலில் புட்டா. கரை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று இருக்கும். அதில் ஒன்றில் ஸ்வஸ்திகம் சங்கிலி மாதிரி கோத்து ஓடும். அதற்கு 'வான்', பத்தாயிரம் என்று பொருள். உள்ளே இருக்கும் வாழ்த்தைப் பத்தாயிரத்தால் பெருக்குவதுதான் அந்தக் கரையின் வேலை.

உடலின் நடுவில் பூக்களாலான ஒரு வட்டம், நான்கு மூலையில் நான்கு கொத்து, இடையில் நிறைய வெற்றிடம். பாரசீகக் கம்பளத்தில் ஒரு விரல் இடம் காலியாக விடமாட்டார்கள். சீனத்து நெசவாளி தாராளமாக விடுவார். பூ தனித்து நிற்கும், தண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும், என்ன பூ என்று பெயர் சொல்ல முடியும். பெயர் சொல்ல முடியாவிட்டால் சிலேடை எப்படி வேலை செய்யும்?

பாரசீகக் கம்பளத்தின் பெரிய விசிறிப் பூவை இன்ன செடியின் பூ என்று சொல்ல முடியாது, எந்தச் செடியிலும் அது பூக்காது. ஆனால் அதன் வம்சாவளியைத் தேடினால் சீனத் தாமரையில்தான் போய் முட்டும். 13-ம் நூற்றாண்டில் சீனாவையும் ஈரானையும் மங்கோலிய அரச குடும்பத்தின் கிளைகள் ஆண்டன. அந்தக் காலத்தில் சீனத் தாமரையும் பியோனியும் மேகச் சுருளும் ஈரானியக் கலைக்குள் போயின. இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனாவுக்குப் போன தாமரை, அங்கே ஏற்கெனவே இருந்த தாமரைக்குப் புது மரியாதை தேடித் தந்தது. அப்புறம் மேற்கே போய்ப் பெயரை இழந்துவிட்டது.

நிறமும் தேய்மானமும்

உட்காருவதற்கான ஒரு சின்னக் கம்பள விரிப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டடிக்கு இரண்டடி. அங்குலத்துக்கு ஆறு என்றால் 20,736 முடிச்சு. உடல் மஞ்சள், பூ நீலத்தில், வெள்ளை ஓரம். இந்த மூன்று நிறமும்தான் பழைய சீனக் கம்பளத்தின் குடும்பச் சொத்து. நீலம் அவுரி வகைச் சாயம். ஒரே தொட்டியில் எத்தனை முறை முக்குகிறார்களோ அத்தனை அடர்த்தி. வெளிர், நடு, அடர் என்று மூன்று நீலத்தில் ஒரு பியோனியை முழுதாகக் காட்டிவிடுவார்கள். நீலமும் வெள்ளையும் மட்டுமே உள்ள கம்பளங்கள் பீங்கான் தட்டைத் தரையில் வைத்தது மாதிரி இருக்கும். மஞ்சளுக்குச் சீனச் சாயக்காரர்கள் 'ஹுவாய்' மரத்தின் மொட்டுகளைப் பயன்படுத்தினார்கள்.

விரிப்பைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெயில் படாதது. மேலே மங்கலான வாதுமை நிறம், பின்னால் நல்ல சிவப்பு என்றால் சாயம் வெளுத்திருக்கிறது. மிங் அரண்மனைக் கம்பளங்கள் பலவற்றின் தங்க மஞ்சள் உடல், நெய்தபோது சிவப்பாக இருந்ததுதான். சீனத் துணிச் சாயத்தில் சப்பங்க மரத்தின் சிவப்புக்கு நல்ல புழக்கம் இருந்தது. கேரளத்தில் குடிநீரில் போட்டுக் கொதிக்கவைக்கும் பதிமுகம் அதே மரம்தான். பார்க்க அழகான சிவப்பு, ஆனால் வெயிலில் நிற்காது.

அடர் பழுப்புக்கு இன்னொரு வியாதி. அந்தச் சாயத்தில் இரும்பு சேர்ப்பதால் கம்பளியே நாளடைவில் பொடிந்து உதிரும். விரலால் தடவினால் தெரியும்: பழுப்புக் கோடு இருந்த இடம் பள்ளமாகி, பூ மேடாக நிற்கும். சிலர் இதைச் செதுக்கு வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். கத்தரியால் பூவின் ஓரத்தைச் சாய்வாக வெட்டிப் புடைப்பாக்கும் வழக்கமும் சீனத்தில் இருந்தது. 20-ம் நூற்றாண்டுக் கம்பளங்களில் அது அதிகம். பள்ளத்தின் அடியில் பாவு நூல் தெரிகிறதா, இல்லை ஒரே சீராகக் கம்பளி இருக்கிறதா என்று பார்த்தால் எது உதிர்ந்தது, எது வெட்டியது என்று பிரித்துவிடலாம்.

வியாபாரத்தில் நூறு வயதைத் தாண்டினால்தான் 'ஆன்டிக்'. சீனக் கம்பளத்தில் தேதி நெய்யும் பழக்கம் கிடையாது என்றே சொல்லலாம். ஆகவே, 'காங்ஷி காலம்', 'சியன்லோங் காலம்' என்று கடைக்காரர் அடித்துச் சொன்னால் ஒரு பேரரசரையாவது கழித்துக்கொள்வது நல்லது. பட்டிலும் உலோக இழையிலும் நெய்து, தலைப்பில் அரண்மனை மண்டபத்தின் பெயர் பொறித்த கம்பளங்கள் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் கடைசியையும் அதற்குப் பின்னாலும் சேர்ந்தவை. பெயர் இருப்பதால் அந்த மண்டபத்தில் விரித்துக் கிடந்தது என்று அர்த்தமில்லை.

தியன்ஜினில் நடந்தது

19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் பெய்ஜிங்கில் பட்டறைகள் பெருகின. முதல் உலகப் போரின்போது துருக்கி, ஈரான் சரக்கு அமெரிக்காவுக்கு வருவது தடைபட்டது. வியாபாரிகள் சீனாவின் பக்கம் திரும்பினார்கள். 1920-களில் தியன்ஜின் துறைமுகத்தில் வால்டர் நிக்கோல்ஸ் போன்ற அமெரிக்கர்கள் கம்பளத் தொழிற்சாலை நடத்தினார்கள். கம்பளி தடித்தது, கால் புதைந்தது. ஊதா, கருஞ்சிவப்பு, மரகதப் பச்சை என்று பழைய நிங்ஷியாக்காரர் கனவிலும் காணாத நிறங்கள் வந்தன. இன்று 'சைனீஸ் ஆர்ட் டெக்கோ' என்று விற்கப்படுவது இவைதான்.

பூவும் இடம் மாறியது. நடுவட்டம் போனது, நான்கு மூலைச் சமநிலை போனது. ஒரு மூலையில் பெரிய கொத்து, எதிர் மூலையில் சின்னதாக ஒரு கிளை, நடுவில் ஒரே நிறத்தில் வெற்றுத் தரை. கொடி கரையைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். நியூயார்க் வரவேற்பறையில் சோபா எங்கே, மேஜை எங்கே என்று யோசித்து வரைந்தது மாதிரி இருக்கும். பழைய கம்பளப் பிரியர்கள் இவற்றைச் சீண்டமாட்டார்கள். எனக்கு இவற்றின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. சரக்கைக் கேட்டவர்களுக்குச் சீனம் தெரியாது, அழகான பூ இருந்தால் போதும். வரைந்த கை பழைய பழக்கத்தை விடவில்லை. கருநீலத் தரை, ஒரு மூலையில் ஜாடி, அதில் பியோனி, சற்றுத் தள்ளி ஒரு வண்ணத்துப்பூச்சி: செல்வம், அமைதி, எண்பது வயது. ஏலப் பட்டியலில் அதற்கு 'பூ வேலைப்பாடு, சீனா, 1925 வாக்கில்' என்று ஒரே வரி போட்டிருப்பார்கள்.